ஊரில் ராஜா, அமெரிக்காவில் யாரோ: சில ராக் குழுக்கள் அங்கே ஏன் எடுபடவில்லை?

தெருமுனைக் கிதார் எழுதியது:

ஸ்லேட் குழுவை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? 1971க்கும் 1973க்கும் இடையில் பிரிட்டனில் ஆறு பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர்கள். 1973இல் மட்டும் மூன்று பாடல்கள் வெளிவந்த வாரமே நேராகப் போய் முதலிடத்தில் உட்கார்ந்தன. அதில் ஒன்றான 'மெர்ரி எக்ஸ்மஸ் எவ்ரிபடி' இன்றைக்கும் டிசம்பர் பிறந்தால் பிரிட்டிஷ் கடைவீதிகளில் ஓயாமல் ஒலிக்கிறது. இன்னொன்று 'கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்'. அதே பாட்டு அமெரிக்க பில்போர்டு பட்டியலில் தொட்ட உயரம் 98.

அரைமனதாக முயன்றுவிட்டுத் திரும்பியவர்களும் இல்லை. 1975இல் நால்வரும் அமெரிக்காவிலேயே போய்த் தங்கினார்கள். பெரிய குழுக்களுக்கு முன்னால் அரைமணி, முக்கால் மணி வாசித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்கள். அவர்களுடைய மேலாளர் சாஸ் சாண்ட்லர். அனிமல்ஸ் குழுவில் பேஸ் வாசித்தவர், ஜிமி ஹென்ட்ரிக்ஸை லண்டனுக்குக் கூட்டிவந்து உலகத்துக்குக் காட்டியவர். வழி தெரியாத ஆள் என்று அவரைச் சொல்லவே முடியாது. பாடகர் நாடி ஹோல்டரின் தொண்டைக்கு அன்றைக்கு ராக் உலகில் ஈடு கிடையாது. கண்ணாடிச் சில்லுகள் பதித்த உயரத் தொப்பியோடு அவர் மேடையேறினால், அரங்கத்தின் கடைசி வரிசையும் எழுந்து நிற்கும். இவ்வளவு இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. 1977இல் ஊர் திரும்பினால் அங்கே பங்க் இசை வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருந்தது. 'ஸ்லேடுக்கு என்ன ஆச்சு' என்று அவர்களே ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார்கள். அதுவும் விற்கவில்லை.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில் சொல்வார்கள். அமெரிக்கர்களுக்கு ரசனை போதவில்லை என்பது ஒன்று, குழுவுக்குத் தரம் போதவில்லை என்பது மற்றது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்கா ஒரே சந்தை என்று நாம் நினைப்பதுதான் கோளாறு. நூற்றுக்கணக்கான ஊர்கள், ஊருக்கு ஊர் தனி வானொலி, நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சாலை. லண்டனிலிருந்து கிளாஸ்கோ ஏறத்தாழ 650 கிலோமீட்டர். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் 4,500. சொந்த ஊரில் மகுடம் சூட்டிக்கொண்ட குழு, அந்தச் சாலையில் முதல் படியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். பெரும்பாலான குழுக்கள் கவிழ்ந்த இடம் இதுதான் என்பது என் கட்சி. உங்கள் கட்சி என்ன?

---

பழைய கேசட் எழுதியது:

நல்ல இழை. ஆனால் சாலையையும் வானொலியையும் மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்லேட் பாடல்களின் தலைப்புகளைப் பாருங்கள். அவர்கள் பிறந்து வளர்ந்த, மத்திய இங்கிலாந்தின் பிளாக் கன்ட்ரி வட்டாரத்தில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே எழுதிவைத்த எழுத்துப்பிழைத் தலைப்புகள் ('Come' அங்கே 'Cum', 'Noise' அங்கே 'Noize'). வால்வர்ஹாம்ப்டன் தொழிற்சாலைப் பையனுக்கு அது தன் வீட்டுப் பேச்சு. ஓஹாயோ பையனுக்கு அதில் என்ன ஒட்டுதல் இருக்கும்? அந்தப் பளபள சட்டையும் உயரக் குதிகால் செருப்பும்கூட அங்கே பலருக்கு விளங்கவில்லை. லண்டனின் டி. ரெக்ஸ் குழுவின் கதியும் அதுதான். 'கெட் இட் ஆன்' 1972இல் அமெரிக்காவில் 10ஆம் இடம் வரை போனது. அதற்கப்புறம் முதல் நாற்பதுக்குள் ஒரு பாட்டுகூட வரவில்லை.

ஸ்டேட்டஸ் குவோ இன்னும் வேடிக்கையான கதை. பிரிட்டிஷ் பட்டியலில் அறுபதுக்கு மேல் பாடல்கள். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளியில் லைவ் எய்டு என்ற பஞ்ச நிவாரண இசை நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்ததே அவர்கள்தான். அமெரிக்காவில் 1968இல் ஒரே ஒரு பாட்டு 12ஆம் இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான். அவர்கள் வாசித்தது அமெரிக்க பூகி, ப்ளூஸிலிருந்து வந்த துள்ளல் தாள ராக். அதை அமெரிக்காவிலேயே கொண்டுபோய் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரிதான். வாங்குகிறவன் பக்கத்து வீட்டுக் கொல்லனிடமே வாங்கிக்கொள்வான்.

---

தெருமுனைக் கிதார் எழுதியது:

நண்பரே, நீங்கள் சொன்ன இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது.

முதலில் வட்டாரப் பேச்சு. பத்து வருடம் கழித்து, 1983இல், குவயட் ரயட் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் குழு அதே 'கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்' பாட்டை, அதே எழுத்துப்பிழைத் தலைப்போடு பாடி வெளியிட்டது. அமெரிக்காவில் 5ஆம் இடம்! அந்தப் பாட்டு இருந்த 'மெட்டல் ஹெல்த்' ஆல்பம் முதலிடம். அவர்களுக்கு அந்தப் பாட்டைப் பாடவே விருப்பமில்லை. தயாரிப்பாளர் வற்புறுத்தினார் என்பதற்காக, ஒத்திகை பார்க்காமல் போய்ச் சொதப்பிவிடலாம் என்றுகூட இருந்தார்கள். அப்படியும் பாட்டு ஜெயித்தது. மெட்டு அதே, வரி அதே. நடுவில் மாறியது என்ன? நாளெல்லாம் பாட்டுக் காணொளி போடும் எம்டிவி தொலைக்காட்சி வந்திருந்தது. ஒரே அலைவரிசை மூலமாக ஒரே நாளில் நாடு முழுக்கப் போய்ச் சேர வழி பிறந்திருந்தது.

அந்த அலையில்தான் ஸ்லேடுக்கும் 1984இல் 'ரன் ரனவே' மூலம் 20ஆம் இடம் கிடைத்தது. ஆசி ஆஸ்பர்னோடு சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். சில நாளிலேயே பேஸ் வாசித்த ஜிம் லீ மஞ்சள்காமாலையோடு படுத்துவிட்டார். திரும்பி வந்துவிட்டார்கள்.

இரண்டாவது, கொல்லன் தெரு. ஃபோகாட் என்ற பெயர் ஞாபகம் வருகிறதா? லண்டனில் 1971இல் தொடங்கிய குழு, வாசித்ததும் அச்சு அசல் பூகிதான். பிரிட்டனில் அவர்களைச் சீண்ட ஆளில்லை. அமெரிக்காவில் விடாமல் சுற்றினார்கள். 1975இல் வந்த 'ஸ்லோ ரைடு' இன்றைக்கும் அங்கே பழைய ராக் வானொலிகளில் ஓடுகிறது. குவோவும் ஃபோகாட்டும் விற்ற சரக்கு ஒன்றேதான். ஊரில் ராஜாவாக இருந்ததால் குவோவுக்கு ஐரோப்பாவே போதும் என்றாகிவிட்டது. ஃபோகாட்டுக்கு ஊரில் இழக்க ஒன்றுமில்லை.

---

மத்திய அலை எழுதியது:

வானொலிக் கிறுக்கன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரிட்டனில் 1967இல் பிபிசி ரேடியோ 1 வந்தது. நாடு முழுக்க ஒரே நிலையம். தொலைக்காட்சியில் 1964 முதல் 'டாப் ஆஃப் த பாப்ஸ்'. அப்புறம் மெலடி மேக்கர், என்எம்இ போல நாலைந்து வாரப் பத்திரிகைகள். ஒரு குழு வியாழக்கிழமை மாலை தொலைக்காட்சியில் மூன்று நிமிடம் வந்தால், வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். சனிக்கிழமை தட்டு விற்கும். அடுத்த வாரம் பட்டியலில் ஏறும். மூன்றே வாரத்தில் நாடறிந்த குழு.

அமெரிக்காவில் அப்படி நாடு முழுக்க ஒலிக்கும் இசை வானொலி கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நிகழ்ச்சி இயக்குநரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதோடு எழுபதுகளில் வானொலியே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஏஎம் நிலையங்களில் மூன்று நிமிட ஹிட் பாட்டுகள், சிறுவர் சிறுமியருக்கு. எஃப்எம் நிலையங்களில் நீண்ட ஆல்பம் பாடல்கள், கல்லூரி வயதுக்காரர்களுக்கு. ஸ்லேட் எந்தப் பக்கம் சேர்வது? பாட்டு மூன்று நிமிடம், சத்தமோ ஏஎம் தாங்காத சத்தம். எஃப்எம் ஆட்கள் கண்ணுக்கு அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். நடுவில் விழுந்துவிட்டார்கள்.

இதே அமைப்பு கைகொடுத்த கதையும் உண்டு. டொரன்டோவின் ரஷ் குழு முதல் ஆல்பத்தைச் சொந்தச் செலவில் போட்டது. 1974இல் ஒரு பிரதி கிளீவ்லாந்தின் டபிள்யூஎம்எம்எஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் டானா ஹால்பர் கைக்கு வந்தது. அவர் தேர்ந்தெடுத்த பாட்டு 'வொர்க்கிங் மேன்', ஏழு நிமிடம். நாளெல்லாம் வேலை செய்து அலுத்துத் திரும்புகிறவனின் பாட்டு. கிளீவ்லாந்தோ ஆலைத் தொழிலாளர் ஊர். தொலைபேசி ஓயவில்லை. லெட் செப்பலின் புதுத் தட்டா என்று கேட்டார்களாம். அதைப் பார்த்துத்தான் மெர்குரி நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. ஒரு ஊர், ஒரு அறிவிப்பாளர், சரியான ஒரு பாட்டு. ஸ்லேடுக்கு அப்படி ஒரு கிளீவ்லாந்து வாய்க்கவில்லை.

1996இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்ததும் இதுவும் போனது. ஒருவர் இத்தனை நிலையம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற நாடளாவிய வரம்பு நீங்கியது. சில வருடங்களில் ஒரே நிறுவனம் 1,200 நிலையங்களைக் கையில் வைத்திருந்தது. அதற்கப்புறம் எந்த ஊர் அறிவிப்பாளரும் கனடாவிலிருந்து வந்த தட்டைத் தன் இஷ்டத்துக்கு எடுத்துப் போட்டுப் பார்க்க முடியாது.

---

ஸ்கார்பரோவாசி எழுதியது:

ரஷ் பற்றி எழுதினீர்கள், சந்தோசம். கனடாவில் இருந்துகொண்டு ட்ராஜிக்கலி ஹிப் குழுவைப் பற்றி நான் எழுதாமல் விட்டால் என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரச் சனம் என்னை மன்னிக்காது.

2016 ஓகஸ்ட் 20. கிங்ஸ்டன் நகரில் அவர்களின் கடைசி நிகழ்ச்சி. பாடகர் கோர்ட் டவுனிக்கு மூளையில் புற்றுநோய் என்று மே மாதமே அறிவித்துவிட்டார்கள். நாட்டின் பொதுத் தொலைக்காட்சியான சிபிசி விளம்பர இடைவேளை இல்லாமல் முழு நிகழ்ச்சியையும் நேரலையாகப் போட்டது. 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்கள், நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கு. பூங்காக்களிலும் சந்திகளிலும் பெரிய திரை கட்டிப் பார்த்தார்கள். அப்போதைய பிரதமர் ட்ரூடோ அரங்கத்துக்குள்ளே நின்றார். எல்லையைத் தாண்டினால் பஃபலோ, டிட்ராய்ட் பக்கத்தில் அவர்களுக்கு ஆட்கள் உண்டு. அதற்கு அங்கால் அனேகம் பேருக்குப் பெயரே தெரியாது.

முயற்சி செய்யவில்லை என்று சொல்ல ஏலாது. 1995இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் வாசித்தார்கள். கனடாவில் பிறந்த நடிகர் டான் அய்க்ராய்டே வந்து அறிமுகம் செய்துவைத்தார். அடுத்த நாள் அமெரிக்காவில் ஒன்றும் மாறவில்லை.

இங்கே பழைய கேசட் அண்ணா சொன்ன வட்டாரக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 'ஃபிஃப்டி மிஷன் கேப்' என்று அவர்களின் பாட்டு ஒன்று. பில் பரில்கோ என்ற ஹொக்கி வீரர் 1951இல் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸுக்குக் கிண்ணத்தை வென்றுகொடுத்த கோலை அடித்தார். அந்தக் கோடையில் மீன்பிடிக்கப் போன இடத்தில் விமானத்தோடு காணாமல் போனார். 1962இல்தான் உடல் கிடைத்தது. அணி மறுபடி கிண்ணம் வென்றதும் அந்த வருடம்தான். இங்கே இந்தக் கதை தெரியாத ஆள் இல்லை. 'வீட் கிங்ஸ்' பாட்டு, செய்யாத கொலைக்காக 23 வருடம் சிறையில் இருந்த டேவிட் மில்கார்டைப் பற்றியது. அமெரிக்கனுக்கு இதெல்லாம் எப்படி விளங்கும் என்று கேட்பீர்கள்.

நான் திருப்பிக் கேட்கிறேன். ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியின் தெருவையும் கடற்கரையையும் பெயர் சொல்லிப் பாடுகிறார். டொரன்டோவில் அரங்கு நிறைகிறது. லண்டனிலும் நிறைகிறது. நியூ ஜெர்சியைப் பார்க்காத சனம் அதைத் தங்களின் ஊர் மாதிரிப் பாடுகிறது. அமெரிக்க ஊர்ப்பெயர்களைப் படங்களும் தொலைக்காட்சியும் முன்கூட்டியே உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. பாட்டு போகும்போது பாதை தயாராக இருக்கிறது. ஹிப் பெயர் சொல்லிப் பாடிய பாப்கேஜன் என்ற ஒன்ராறியோக் கிராமத்துக்கு அப்படிப் பாதை போட ஆளில்லை. வட்டாரத்தன்மை எல்லாப் பாட்டிலும் இருக்கிறது. எந்த வட்டாரம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

---

பழைய கேசட் எழுதியது:

ஸ்கார்பரோ தம்பி, அந்தக் கடைசிப் பத்தி என்னை நன்றாகவே யோசிக்க வைத்துவிட்டது. ஒரு சந்தேகம். 1971இல் கனடிய வானொலிகள் குறைந்தது 30 விழுக்காடு உள்நாட்டு இசை போட வேண்டும் என்று சட்டம் வந்ததே. அந்தப் பாதுகாப்பில் வளர்ந்த குழுக்கள் வெளியே போராடப் பழகவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். உங்கள் எண்ணம்?

---

ஸ்கார்பரோவாசி எழுதியது:

நான் அப்படி நினைக்கவில்லை அண்ணா. ரஷ், பிரையன் ஆடம்ஸ், நிக்கல்பாக் எல்லாரும் அதே சட்டத்துக்குக் கீழே இருந்தவர்கள்தான், அமெரிக்காவில் பெரிதாக வந்தார்கள். சட்டம் இல்லாவிட்டால் ஹிப் போன்ற குழுவுக்குச் சொந்த நாட்டு வானொலியிலேயே இடம் கிடைத்திருக்காது. எல்லையோரத்தில் குவிந்திருக்கிற சனத்துக்கு அமெரிக்கப் பாட்டு மட்டும்தான் கேட்டிருக்கும்.

---

வெஸ்ட்போர்ட் ரோடு எழுதியது:

அமைப்பு, சட்டம், சாலை எல்லாம் சரி. வெறும் கெட்ட நேரம் என்று ஒன்று இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை. நான் தின் லிஸ்ஸி பக்தன்.

1976 வசந்தத்தில் 'த பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' அமெரிக்காவில் ஏறிக்கொண்டிருக்கிறது. 12ஆம் இடம் வரை போனது. டப்ளின் குழு ஒன்றுக்கு இதைவிடப் பெரிய கதவு எது? ஜூனில் ரெயின்போ குழுவோடு பெரிய அரங்குகளில் வாசிக்க ஏற்பாடு. சரியாக அந்த நேரம் பாடகர் ஃபில் லைனட்டுக்கு மஞ்சள்காமாலை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நோயிலிருந்து தேறும்போதே அடுத்த ஆல்பத்துக்குப் பாட்டு எழுதினார், அப்படிப்பட்ட மனிதர். அந்த வருடக் கடைசியில் இரண்டாவது பயணம். கிளம்புவதற்கு முன்னால் லண்டனில் ஸ்பீக்ஈசி கிளப்பில் கைகலப்பு. நண்பரை அடிக்க வந்த பாட்டிலைத் தடுக்கப்போன கிதார்க்காரர் பிரையன் ராபர்ட்சனின் கை கிழிந்தது. அந்தப் பயணமும் ரத்து. 1977இல் கேரி மூரைச் சேர்த்துக்கொண்டு குயீனுக்கு முன்னால் வாசித்தார்கள், பிரமாதமாகவே வாசித்தார்கள். ஆனால் பாட்டு வானொலியை விட்டு இறங்கி மாதங்கள் ஆகியிருந்தன.

அமெரிக்காவில் ஒரு பாட்டு ஏறும் அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் மேடையில் ஆள் நிற்க வேண்டும். பிரிட்டனாக இருந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அங்கே அடுத்த மாதம் அந்த இடத்தில் வேறு குழு இருக்கும். லைனட் 1986 ஜனவரியில் 36 வயதில் போய்விட்டார். அந்த ஒரு பாட்டு மட்டும் இன்றும் அமெரிக்க விளையாட்டரங்குகளில் ஒலிக்கிறது. பாடியவர் யார் என்று அங்கே கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் சொல்வார்கள்?

---

சிட்னிக்காரி எழுதியது:

ஆஸ்திரேலியாவை விட்டுவிட்டீர்களே! தட்டு நிறுவனத்தின் பங்கு இங்கே பளிச்சென்று தெரியும். இரண்டு குழுக்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஏசி/டிசி, 1973இல் சிட்னி. கோல்ட் சிசல், அதே 1973இல் அடிலெய்டு. இரண்டுமே மதுக்கடைகளில் வாசித்து வளர்ந்தவை. பியர் குடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே நிற்கும் கூட்டத்தை ஒவ்வொரு இரவும் அடக்கி ஆண்டவர்கள்.

ஏசி/டிசியின் 'டர்ட்டி டீட்ஸ்' ஆல்பத்தை 1976இல் தட்டு நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை கேட்டுவிட்டு, வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. அவர்கள் விடவில்லை. 1977இல் அமெரிக்கா போய், கிடைத்த மேடையில் எல்லாம் யாருக்கு முன்னால் வேண்டுமானாலும் வாசித்தார்கள். 1979இல் 'ஹைவே டு ஹெல்' கதவைத் திறந்தது. பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். அதே ஜூலையில் 'பேக் இன் பிளாக்' வந்தது, அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1981இல் நிறுவனம் அந்த ஒதுக்கிய ஆல்பத்தைத் தூசி தட்டி எடுத்து வெளியிட்டது. 3ஆம் இடம்! ஐந்து வருடம் முன்னால் விற்காது என்று சொன்ன அதே பாட்டுகள்.

கோல்ட் சிசல் 1981இல் அமெரிக்கா போனது. ஆஸ்திரேலியாவில் அப்போது அவர்களைவிடப் பெரிய குழு இல்லை. அங்கே நிறுவனம் கைகொடுக்கவில்லை. திரும்பி வந்த பாடகர் ஜிம்மி பார்ன்ஸ் அந்தக் கோபத்தில், நிறுவன அதிகாரியை மனதில் வைத்தே 'யூ காட் நத்திங் ஐ வான்ட்' பாட்டை எழுதினார். அடுத்த ஆல்பத்தின் முதல் பாட்டே அதுதான். அதற்கப்புறம் அந்தக் கதவு எங்கே திறக்கும்? 1983இல் குழுவே கலைந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பி நிம்மதி இழந்த ஒரு சிப்பாயைப் பற்றி அவர்கள் 1978இல் போட்ட 'கே சான்' பாட்டைக் கேளுங்கள். அமெரிக்காவில் அந்தச் சிப்பாய் மாதிரி லட்சக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்கள் வீட்டு வானொலிக்கு அந்தப் பாட்டு போய்ச் சேரவே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

---

இரட்டை பெடல் எழுதியது:

எல்லாரும் அமெரிக்காவை அளவுகோலாக வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். அங்கே ஜெயிக்காவிட்டால் தோல்வியா?

ஜப்பானின் பீஸ் குழு 8 கோடித் தட்டுகளுக்கு மேல் விற்றிருக்கிறது, பெரும்பங்கு சொந்த நாட்டிலேயே. உலகின் இரண்டாவது பெரிய இசைச் சந்தை ஜப்பான். அவர்கள் ஏன் கிளீவ்லாந்தில் போய் அறுபது பேருக்கு முன்னால் நிற்க வேண்டும்? எக்ஸ் ஜப்பான் 1992இல் நியூயார்க் ராக்பெல்லர் சென்டரில் நிருபர்களைக் கூட்டி அமெரிக்கப் பிரவேசத்தை அறிவித்தது. எக்ஸ் என்ற பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு குழு இருந்ததால் பெயரோடு நாட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். அறிவித்தபடி ஒன்றும் நடக்கவில்லை. ஜப்பானில் டோக்கியோ டோம் அரங்கம் நிறைந்துகொண்டே இருந்தது. நியூயார்க்கின் பெரிய அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வாசித்தது 2014இல்தான். லவுட்னஸ் அமெரிக்காவுக்காகத் தன் பாடகரையே மாற்றி ஒரு அமெரிக்கரைச் சேர்த்துப் பார்த்தது. அப்புறமும் எடுபடவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்களை நீங்களாக ஆக்கிய குரலைக் கொடுத்துவிட்டு வாங்கும் வெற்றி எதற்கு?

பிரான்ஸின் ராக் பாடகர் ஜானி ஹாலிடே 2017 டிசம்பரில் இறந்தபோது பாரிஸின் ஷான்செலிசே வீதியில் லட்சக்கணக்கில் கூட்டம். அமெரிக்கச் செய்தியாளர்கள் அவர் யார் என்று விளக்கி எழுத வேண்டியிருந்தது. ஜெர்மனியின் டி டோட்டன் ஹோசன் அமெரிக்காவை விட்டுவிட்டு அர்ஜென்டினாவில் ரசிகர்களைச் சம்பாதித்தது. அது தோல்வியே இல்லை.

---

மத்திய அலை எழுதியது:

ராம்ஸ்டைனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மொழியில்தான் பாடினார்கள், 2010 டிசம்பர் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிகழ்ச்சியின் சீட்டு அரைமணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. மேடையில் அவர்கள் காட்டும் நெருப்பு வித்தைக்கு மொழி தேவைப்படவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவிலும் கனமான, இயந்திரத்தனமான ஓசைக்குக் காது பழகியிருந்தது. பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

---

தெருமுனைக் கிதார் எழுதியது:

இரட்டை பெடல் சொன்னது நியாயம். தோற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால் அவர் பக்கம் இன்னும் வலுக்கிறது.

கிங்க்ஸ் குழு 1965இல் அமெரிக்கா போய் வந்த பிறகு, அங்குள்ள இசைக்கலைஞர் சங்கம் நான்கு வருடம் அவர்களுக்கு அனுமதி மறுத்தது. பிரிட்டிஷ் குழுக்கள் அமெரிக்காவை அள்ளிக்கொண்டிருந்த உச்சமான வருடங்கள் அவை. வெளியே போக வழியில்லாத அவர்களின் பாடகர் ரே டேவிஸ் சொந்த ஊரைப் பார்த்து எழுதத் தொடங்கினார். ஊர்ப் பசும்புல்வெளி, பழைய ரயில், அண்டை வீட்டார். 1968இல் வந்த 'வில்லேஜ் கிரீன்' ஆல்பம் அந்த நேரத்தில் விற்கவில்லை. இன்றைக்கு அதைக் கேட்காமல் பிரிட்டிஷ் ராக்கைப் பேசவே முடியாது. ப்ளர் குழுவும் அப்படித்தான். கடனை அடைக்க 1992இல் அமெரிக்காவைச் சுற்றினார்கள், எங்கும் அமெரிக்காவின் கரகர ராக்கான க்ரஞ்ச் (grunge) இசைதான், இவர்களைக் கேட்க ஆளில்லை. அந்த ஏக்கத்தில் எழுதியதுதான் அடுத்த ஆல்பம், முழுக்க முழுக்க ஆங்கிலேய ஆல்பம். அங்கிருந்துதான் 'பார்க்லைஃப்' வந்தது.

ஒயேசிஸை இந்தப் பட்டியலில் சேர்க்கிறவர்களுக்கு: சேர்க்காதீர்கள். 'மார்னிங் குளோரி' அமெரிக்காவில் 4ஆம் இடம், 'வொண்டர்வால்' 8ஆம் இடம். கையில் வந்ததை 1996 ஆகஸ்ட்-செப்டம்பரில் நழுவவிட்டார்கள். எம்டிவியின் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியில் பாடகர் லியாம் பாட மறுத்து பால்கனியில் உட்கார்ந்து அண்ணனைக் கிண்டல் செய்தார். சுற்றுப்பயணத்துக்கு விமானம் ஏறவும் மறுத்தார். அப்புறம் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டாலும், பயணம் பாதியில் நின்றது. அதற்கு அமெரிக்கா பொறுப்பில்லை.

---

நிலா முற்றம் எழுதியது:

நடுவில் புகுந்து ஒரு கேள்வி. குயீன்கூட எண்பதுகளில் அமெரிக்காவில் சரிந்தது என்கிறார்களே, உண்மையா?

---

வெஸ்ட்போர்ட் ரோடு எழுதியது:

உண்மைதான். 1980இல் அங்கே இரண்டு முதலிடப் பாடல்கள். 1982க்கு அப்புறம் பாடகர் ஃப்ரெடி அமெரிக்காவில் வாசிக்கவே இல்லை. 1984இல் 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' காணொளியில் நால்வரும் பெண் வேடம் போட்டதை பிரிட்டனில் ரசித்தார்கள், அமெரிக்காவில் பலர் முகம் சுளித்தார்கள். 1992இல் ஒரு திரைப்படத்தில் 'பொஹீமியன் ராப்சடி' வந்த பிறகுதான் அந்தப் பாட்டு மறுபடி ஏறி 2ஆம் இடம் வந்தது. ஃப்ரெடி அதைப் பார்க்க இல்லை.

---

ஜெர்சி நகரம் எழுதியது:

இன்றைய நிலவரத்தை நான் சொல்கிறேன். இங்கே சின்ன கிளப்புகளில் வெளிநாட்டுக் குழு வந்தால் போய்விடுவேன். நிகழ்ச்சி முடிந்ததும் டி-ஷர்ட் விற்கிற மேசைக்குப் பின்னால் பாடகரே நிற்பார். பேச்சுக் கொடுத்தால் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே விஷயத்தில்: விசா.

வானொலிக் கதவு இன்று பெரிய தடையில்லை. ஸ்வீடனின் கோஸ்ட் 2025 மே மாதம் ஆல்பம் பட்டியலில் முதலிடம், அதே மாதம் இங்கிலாந்தின் ஸ்லீப் டோக்கனும் முதலிடம். கைபேசியில் யாரும் யாரையும் கேட்கலாம். ஆனால் சாலை அப்படியே இருக்கிறது, அதன் வாசலில் கட்டணமும் ஏறிவிட்டது. கலைஞர்களுக்கான விசா மனுக் கட்டணம் 460 டாலராக இருந்தது. 2024 ஏப்ரலில் பெரிய மனுதாரர்களுக்கு 1,600 டாலருக்கு மேல் போனது. குழுவுக்கு ஒரு மனு, கூட வரும் ஒலிப்பொறியாளர் போன்றவர்களுக்குத் தனி மனு. சீக்கிரம் வேண்டுமென்றால் 2024இல் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 2,800 டாலர் கேட்டார்கள். இதெல்லாம் விமானச் சீட்டுக்கும் வேன் வாடகைக்கும் முன்னால். இருநூறு பேர் கொள்ளும் கிளப்பில் வாசித்து இதை எப்படி எடுப்பது?

பழைய நாளில் இந்தச் செலவை நிறுவனம் முன்பணமாகக் கொடுக்கும், அப்புறம் குழுவின் பங்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். 1997இல் மரில்லியன் என்ற பிரிட்டிஷ் குழுவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. எண்பதுகளில் பிரிட்டனில் ஆல்பம் முதலிடம் பிடித்தவர்கள், அமெரிக்கா வர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். இணையம் அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது. இங்குள்ள ரசிகர்கள் மின்னஞ்சல் குழுவில் பேசி, தாங்களாகவே வங்கிக் கணக்கு திறந்து, 60,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள். குழு வந்து சுற்றி வாசித்துவிட்டுப் போனது. அந்தத் தைரியத்தில்தான் 2001இல் பதிவு செய்யாத ஆல்பத்துக்கு ரசிகர்களிடமே முன்பணம் கேட்டார்கள், 12,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள். அமெரிக்கப் பட்டியலில் அவர்கள் இடம் இதனால் மாறவில்லை. ஆனால் அதற்கப்புறமும் பல முறை வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.